பதினைந்து நிமிடப் படங்கள்: அப்பாவுடன் ஜெர்மனியில் ஆறு நாள்

முதல் நாள் – டிரெஸ்டன்

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. மதுரையில் முப்பது வருஷம் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை மூட்டை கட்ட வைத்ததிலிருந்து தூரிகையைத் தொடவில்லை. நான் லைப்சிக்கில் வேலை பார்க்கிறேன். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வரவழைத்தேன். வந்த மூன்றாம் நாளே என் சமையலறைச் சுவரில் தொங்கிய பழைய காலண்டர் முன்னால் நின்றுவிட்டார்.

"யாரு பாப்பா போட்டது இது? முகத்துல பச்சை அடிச்சிருக்கான். நம்ம ஆளு மாதிரி இருக்கே!"

எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் வரைந்த படம் அது. பேனர் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: கதாநாயகனின் ஒரு கன்னம் ரோஸ், மறு கன்னம் பச்சை, தாடையில் ஊதா. நாற்பது அடி தள்ளி ரோட்டில் நின்று பார்த்தால் எல்லாம் சேர்ந்து தோல் ஆகிவிடும். கிர்ஷ்னரின் பச்சையோ எத்தனை அடி தள்ளிப் போனாலும் பச்சையாகவே நிற்கும். ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஒரு வாரம் லீவு போட்டேன்.

கண்ணில் பட்டதைவிட உள்ளே உணர்ந்ததைத் தீட்டிய எக்ஸ்பிரஷனிசம் என்ற ஓவிய அலை ஜெர்மனியில் எங்கே எழுந்தது என்று கேட்டால் டிரெஸ்டனைத்தான் காட்ட வேண்டும். 1905 ஜூன் 7ஆம் தேதி இங்கே கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நாலு பையன்கள் ஒரு குழு தொடங்கினார்கள். கிர்ஷ்னர், ஃப்ரிட்ஸ் ப்ளைல், எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மிட்-ரொட்லுஃப். மூத்தவர் கிர்ஷ்னருக்கு 25 வயது, கடைசி ஆளுக்கு 20. ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்து முடித்தவர் நால்வரில் ஒருவர்கூட இல்லை. குழுவுக்கு 'பிரூக்கே', அதாவது 'பாலம்' என்று பெயர் வைத்தவர் ஷ்மிட்-ரொட்லுஃப். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு என்று அவர்கள் விளக்கியதாகத் தெரியவில்லை. இந்தக் கரையில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவு உறுதி.

காலையில் ஃப்ரீட்ரிஷ்டாட் பகுதிக்குப் போனோம். ஊரின் அரண்மனைகள், தேவாலயக் கோபுரங்கள் எல்லாம் ஒரு பக்கம். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய இந்தத் தொழிலாளர் குடியிருப்பு இன்னொரு பக்கம். இங்கே பெர்லினர் தெருவில் காலியாகக் கிடந்த ஒரு கடையை ஹெக்கல் வாடகைக்குப் பிடித்தார். அதுதான் பட்டறை. நாற்காலி, கட்டில், திரைச்சீலை எல்லாம் தாங்களே செதுக்கியதும் சாயம் ஏற்றியதும். தெருவை ஒருமுறை முழுக்க நடந்தோம். அந்தக் காலத்தின் தடயம் எதுவும் என் கண்ணில் படவில்லை. 1945 பிப்ரவரியில் குண்டுகள் விழுந்த ஊரில் அதை எதிர்பார்த்ததே என் தவறு.

அவர்களின் முதல் கண்காட்சிகளில் ஒன்று நடந்த இடத்தைச் சொன்னதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. 1906இல், லோப்டாவ் பகுதியில் ஒரு விளக்குத் தொழிற்சாலையின் ஷோரூம். மேலே விற்பனைக்கு விளக்குகள், சுவரில் இவர்கள் படங்கள். ப்ளைல் வரைந்த போஸ்டரில் ஆடையில்லாத பெண் இருந்ததால் போலீஸ் அதை ஒட்ட விடவில்லை. கூட்டமும் வரவில்லை.

"போஸ்டர் ஒட்டலன்னா எப்பிடிக் கூட்டம் வரும்?" என்றார் அப்பா. தொழில் தெரிந்தவர்.

அதே வருஷம் கிர்ஷ்னர் ஓர் அறிக்கையை மரத்தில் செதுக்கி அச்சடித்தார். கை கால் வீச எங்களுக்கு இடம் வேண்டும், வசதியாக உட்கார்ந்துவிட்ட பெரியவர்களிடமிருந்து விடுதலை வேண்டும், உள்ளே உந்துவதை நேராகவும் கலப்பில்லாமலும் வெளியே கொண்டுவருகிற எவரும் எங்கள் ஆள் என்பது அதன் சாரம். எப்படி வரைவது என்று ஒரு வரிகூட இல்லை. பணத்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். வருஷத்துக்கு 12 மார்க் கட்டினால் 'வரையாத உறுப்பினர்'. அட்டை தருவார்கள், ஆண்டு முடிவில் அச்சுப் படங்கள் அடங்கிய ஒரு கோப்பு வரும். அன்றைக்கு 12 மார்க் கட்டி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் – மோரிட்ஸ்பர்க்

டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ராடபாய்ல் என்ற ஊரிலிருந்து ஒரு குறுகிய பாதை ரயில் கிளம்புகிறது. நிஜ நீராவி எஞ்சின். கரி வாசனை பட்டதும் அப்பா ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். போடி லைனில் சின்ன வயதில் போனதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நடுவில் ரயில் ஒரு பெரிய ஏரிக்குள்ளேயே, கரை மேல் ஓடுகிறது. டிப்பல்ஸ்டார்ஃப் ஏரி. இரண்டு பக்கமும் தண்ணீரும் நாணலும்.

இந்த ஏரிக்கரைகளுக்குத்தான் 1909, 1910 கோடைகளில் அவர்கள் மாடல்களோடும் தோழிகளோடும் வந்து நாள்கணக்கில் கிடந்தார்கள். நீந்துவது, நாணலைப் பிடுங்கி எறிந்து விளையாடுவது, அதையே வரைவது. ஒருமுறை கிராமத்துப் போலீஸ்காரர் வந்து பிடித்து, ஆபாசம் என்று, குழுவில் பிற்பாடு சேர்ந்த மாக்ஸ் பெக்ஷ்டைனின் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனார். வழக்கு நிற்கவில்லை.

பதினைந்து நிமிடக் கணக்கை அப்பாவிடம் இங்கேதான் சொன்னேன். பட்டறையில் அவர்களே வைத்துக்கொண்ட விதி அது. மாடல் ஒரே நிலையில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, பிறகு மாற வேண்டும். ஓவியப் பள்ளிகளில் ஒரே 'போஸ்' வாரக்கணக்கில் நடக்கும், நிழல் தீட்டித் தீட்டி உடம்பு பளிங்குச் சிலை மாதிரி ஆகிவிடும். இவர்கள் அதை வேண்டாம் என்றார்கள். கால் மணியில் யோசிக்க நேரமில்லை, திருத்த நேரமில்லை. கை என்ன பார்த்ததோ அதுதான்.

அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "நமக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ். வியாழன் ராத்திரிக்குள்ள சாரத்துல ஏத்தணும். அதனால அவசரம். இவங்களுக்கு என்ன அவசரம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மிச்ச நாட்கள் போகப்போகின்றன என்று நினைக்கிறேன். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. தங்களுக்குத் தாங்களே கெடு வைத்துக்கொண்டார்கள். எக்ஸ்பிரஷனிசம் என்றதும் கோபம், கூச்சல், மனநோய் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு இந்த ஏரிக்கரையில் தோன்றியது வேறு: கையை மூளை முந்திவிடக்கூடாது என்ற பயம்தான் இவர்களிடம் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஃப்ரன்ஸி என்ற மாடல் 1900இல் பிறந்த ஒரு சிறுமி. மோரிட்ஸ்பர்க் கோடைகளில் அவளுக்கு எட்டு, ஒன்பது வயது. குழந்தையின் கபடமின்மையைத் தேடினோம் என்பது அந்தக் காலத்து நியாயம். அந்த வயதுப் பெண்ணை அப்படி நிறுத்தி வரைந்ததை இன்று எந்த நியாயத்தாலும் என்னால் கடந்துபோக முடியவில்லை. 'இயற்கையான வாழ்க்கை' என்று அவர்கள் சொன்னதில் யாருடைய விருப்பம் கேட்கப்பட்டது என்ற கேள்வி, படம் எத்தனை நன்றாக இருந்தாலும் அங்கேயே நிற்கிறது. அப்பாவிடம் சொன்னபோது "அப்ப அந்தப் படத்தைக் காட்டாதே" என்றார். காட்டவில்லை.

பசிபிக் தீவுகள் கதையும் இதைப் போன்றதுதான். டிரெஸ்டன் இனவியல் அருங்காட்சியகத்தில் பலாவ் தீவிலிருந்து வந்த, செதுக்கி வண்ணம் பூசிய உத்தரங்களைக் கிர்ஷ்னர் பார்த்து மலைத்தார். தட்டையான உருவங்கள், கறுப்புக் கோடு, இரண்டு மூன்று நிறம். அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஏராளம். பலாவ் அப்போது ஜெர்மனியின் காலனி. உத்தரம் எப்படி வந்தது என்று இவர்கள் யாரும் அதிகம் விசாரித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் – பெர்லின்

1911 வாக்கில் பையன்கள் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்கள். நாங்களும்.

முதலில் பிரூக்கே அருங்காட்சியகம். பஸ் பிடித்து ஊரின் மேற்கு ஓரம், க்ருனவால்ட் காட்டு விளிம்புக்குப் போக வேண்டும். அருங்காட்சியகம் என்றால் படிக்கட்டும் தூணும் எதிர்பார்த்த அப்பா "இதுவா?" என்றார். மரங்களுக்கு நடுவே தாழ்வான ஒற்றை மாடி. ஷ்மிட்-ரொட்லுஃப் வயதான காலத்தில் தன்னுடைய 74 படங்களை நகரத்துக்குக் கொடுத்து, இதற்கென்று ஓர் இடம் கட்டுங்கள் என்றார். ஹெக்கலும் கைகொடுக்க, வெர்னர் டூட்மான் வடிவமைத்த கட்டடம் 1967இல் திறந்தது. இருபது வயதில் தொடங்கியதை எண்பது வயதில் கூரை போட்டு மூடியிருக்கிறார்கள்.

அப்பா படங்களைப் பார்க்கும் விதம் தனி. முதலில் ஓரத்தைப் பார்ப்பார், துணி எப்படி இழுத்து ஆணி அடித்திருக்கிறது என்று. பிறகு பக்கவாட்டில் நின்று பெயின்டின் தடிமனைப் பார்ப்பார். படத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். "ஆரம்பத்துல அப்பி அப்பி அடிச்சிருக்கான். அப்புறம் தண்ணியா ஓட விட்டிருக்கான். நடுவுல என்னமோ கத்துக்கிட்டான்" என்றார்.

அசந்துபோனேன். நடந்தது அதேதான். 1905 இறுதியில் டிரெஸ்டனில் வான் கோ கண்காட்சி ஒன்று நடந்தது. அதைப் பார்த்த சூட்டில் முதல் சில வருஷங்கள் குழாயிலிருந்து நேராகப் பிதுக்கிய மாதிரி கெட்டியாக வரைந்தார்கள். கெட்டி எண்ணெய் காய நாளாகும். 1909ஐ ஒட்டி கிர்ஷ்னர் பெயின்டில் பெட்ரோலும் கொஞ்சம் மெழுகும் கலந்து இளக்க ஆரம்பித்தார். சட்டென்று ஓடும், சீக்கிரம் காயும், பளபளப்பும் இருக்காது. அந்த வேகம் மனசிலிருந்து மட்டும் வந்ததில்லை, டப்பாவிலிருந்தும் வந்தது. "பெட்ரோலா! பீடி பிடிக்கிறவன் பக்கத்துல நிக்க முடியாதே" என்று சிரித்தார்.

'ஏரியில் குளிக்கும் ஐந்து பெண்கள்', 1911. கிர்ஷ்னர் வரைந்தது. மோரிட்ஸ்பர்க் ஏரிதான், ஆனால் பழைய முள் முள்ளான உடம்புகள் இல்லை. இடுப்பு வளைந்து, தோள் உருண்டு, நிதானமாக நிற்கிறார்கள். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "இது கோயில்ல பாத்த உடம்பு மாதிரி இருக்கே பாப்பா."

கோயில் இல்லை, குகை. பம்பாய் ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த ஜான் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களோடு வருஷக்கணக்கில் அஜந்தாவில் தங்கி ஓவியங்களை நகலெடுத்தார். அந்த நகல்களில் பல 1885இல் லண்டன் தீ விபத்தில் எரிந்துபோயின. மிஞ்சியதை வைத்து 1896-97இல் இரண்டு பெரிய தொகுதிகள் வந்தன. டிரெஸ்டனில் இருந்தபோது கிர்ஷ்னர் கையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. பக்கம் பக்கமாகப் பார்த்து வரைந்து பழகினார். தன் உருவங்கள் தட்டையாகவே இருக்கின்றன, அவற்றுக்குள் பருமன் வர வேண்டும் என்ற தவிப்புக்கு அஜந்தா வழி காட்டியது. பம்பாய் மாணவன் ஒருவன் குகை இருட்டில் உட்கார்ந்து போட்ட கோடு, சாக்ஸனி ஏரிக்கரைப் பெண்ணின் இடுப்பில் வந்து நிற்கிறது. நகலெடுத்த பிள்ளைகளின் பெயர்களையும் படத்துக்குப் பக்கத்தில் எழுதலாம். என் ஆசை.

மதியம் நோயே நாட்ஷனல்கேலரி அருங்காட்சியகம். இங்கே பார்க்க வேண்டியது ஒரே படம், 'போட்ஸ்டாமர் ப்ளாட்ஸ்', 1914. இரண்டு மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலம். வட்டமான நடைமேடை ஒன்றில் இரண்டு பெண்கள், ஒருத்தி கறுப்பு முக்காடு போட்ட விதவைக் கோலத்தில். பின்னால் செங்கல் நிற ரயில் நிலையம். ஆண்கள் கத்தரிக்கோலைப் போல காலை விரித்து நெருங்குகிறார்கள். சாலை பச்சை. முகமும் பச்சை. இறகைச் சீவினாற்போல சாய்ந்த கீற்றுகள், எல்லாம் கூர்மை. போர் தொடங்கிய வருஷம்.

அப்பா அறையின் கடைசி மூலை வரை நடந்து, திரும்பிப் பார்த்து, பிறகு கிட்டே வந்து மறுபடி பார்த்தார். காவலாளி எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பச்சை நெழலுக்கு. லைட்டு இந்தப் பக்கம் அடிக்குது, அதனால அந்தப் பக்கம் பச்சை. இவன் பச்சையில லைட்டே இல்லை. ரோட்டு பச்சைதான் ஏறி முகத்துக்கு வந்திருக்கு. ஊரே அந்தப் பொம்பளைக மேல ஏறியிருக்கு."

இதற்கு மேல் என்னிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. இந்த இயக்கம் நிறத்தை என்ன செய்தது என்று நான் படித்த பக்கங்களையெல்லாம் இந்த ஒரு பதில் ஓரங்கட்டிவிட்டது. பொருளுக்குச் சொந்தமாக இருந்த நிறத்தை அவர்கள் பொருளைப் பார்க்கிறவனுக்குச் சொந்தமாக்கினார்கள்.

இரவு விடுதியில் குழு உடைந்த கதை. 1912இல் பெக்ஷ்டைன் தனியாக வேறு சங்கத்தில் படம் வைத்ததால் விலக்கப்பட்டார். 1913இல் குழுவின் வரலாற்றை எழுதும் பொறுப்பு கிர்ஷ்னருக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் நானே முன்னோடி என்று எழுதிவைத்தார். மற்றவர்கள் ஒப்பவில்லை, கதை முடிந்தது. இதே மனிதர் பிற்காலத்தில் லூயி த மார்சல் என்று ஒரு பிரெஞ்சு விமர்சகரைக் கற்பனையில் படைத்து, அந்தப் பெயரில் தன் ஓவியங்களைத் தானே புகழ்ந்து கட்டுரைகள் எழுதினார். பழைய படங்களில், வரைந்ததற்கு முந்தைய தேதியைப் போட்டுக்கொண்ட வேலையும் உண்டு.

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பேனர்ல கையெழுத்து யாரு போடறதுன்னுதான் எங்க கம்பெனியும் ஒடஞ்சது."

நான்காம் நாள் – ரயிலில்

தெற்கே மியூனிக் பக்கம் போக வேண்டும், இதே அலையின் இன்னொரு குழு எழுந்தது அங்கேதான். முதல் ரயில் நாற்பது நிமிடம் தாமதம், அதனால் அடுத்த ரயில் போய்விட்டது, அதற்கடுத்தது ரத்து. பெயர் நினைவில் வைக்கத் தேவையில்லாத ஒரு சந்திப்பில் மூன்று மணி நேரம். மழை. அப்பாவின் குடை பெர்லின் பஸ்ஸோடு போய்விட்டது. நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை மட்டும் சரியான நேரத்துக்கு இருந்தது.

கிர்ஷ்னர் பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். 1915இல் பட்டாளத்தில் சேர்ந்தார், சில மாதங்களில் உடைந்துபோனார். சீருடையோடு, வலது கை மணிக்கட்டோடு துண்டான மாதிரி தன்னையே ஒரு படம் வரைந்தார். உண்மையில் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1917இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். நாஜிகள் அவருடைய 639 படைப்புகளைப் பொதுச் சேகரிப்புகளிலிருந்து பிடுங்கினார்கள். 1938 ஜூன் 15இல் தற்கொலை.

"கை போயிருச்சுன்னு வரைய கை வேணும்ல" என்றார் அப்பா. பிறகு ரயில் வரும்வரை தூங்கினார்.

ஐந்தாம் நாள் – முர்னாவ்

மழை விட்டு, இரவோடு இரவாக வானத்தைத் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மியூனிக்கிலிருந்து ஒரு மணி நேர ரயில். இறங்கியதும் ஆல்ப்ஸ் மலை கை நீட்டினால் தொடலாம்போல நிற்கிறது. 'ஃப்யோன்' என்று ஒரு காற்று இங்கே மலையிலிருந்து இறங்கும். அது வீசும் நாளில் காற்றில் மங்கலே இருக்காது. தூரம் சுருங்கிப்போகும், மலை கெட்டி நீலமாகும். விடுதிக்காரம்மாவுக்கு மட்டும் அன்று தலைவலி. அந்தக் காற்றுக்கு அது வழக்கமாம்.

ஓவியர் காண்டின்ஸ்கி, முர்னாவ் மலைகளை நீலக்கட்டியாக வரைந்தது கற்பனை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாதி வானிலை.

1908 கோடையில் நாலு பேர் இந்த ஊர் விடுதி ஒன்றில் வந்து தங்கினார்கள். ரஷ்யாவிலிருந்து வந்த வசிலி காண்டின்ஸ்கி, அலெக்ஸி யாவ்லென்ஸ்கி, மரியான்னே வெரஃப்கின். ஜெர்மானியரான காப்ரியேலே ம்யுன்டர். ம்யுன்டருக்கு மியூனிக் அகாடமியில் இடம் கிடையாது, அங்கே அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை. தனியார் பள்ளி ஒன்றில் சேர்ந்தார், ஆசிரியர் காண்டின்ஸ்கி. காதல். முர்னாவ் வந்த சில வாரங்களில் ம்யுன்டரின் கை மாறியது. இயற்கையைப் பார்த்துப் புள்ளி புள்ளியாகத் தீட்டிக்கொண்டிருந்தவர், கறுப்புக் கோடு போட்டு, உள்ளே தட்டையாக நிறத்தை நிரப்ப ஆரம்பித்தார். வேதனைப்பட்ட கொஞ்ச காலத்துக்குப் பின் ஒரே தாவலாகத் தாவினேன் என்று பிற்பாடு நாட்குறிப்பில் எழுதினார். சின்னச் சின்ன அட்டைகளில் நாளைக்கு மூன்று, சில நாள் ஐந்து வரைந்ததாகவும் சொல்லியிருக்கிறார். அங்கேயும் அவசரம்தான், ஆனால் டிரெஸ்டன் அவசரத்தில் இருந்த மூச்சு வாங்கல் இதில் இல்லை. பறிக்கிற கையின் வேகம்.

1909இல் ம்யுன்டர் வாங்கிய வீடு இப்போது காட்சியகம். ஊர்க்காரர்கள் 'ரஷ்யர் வீடு' என்றார்களாம். தோட்டத்துக்குக் கீழே ரயில் பாதை. காண்டின்ஸ்கி அந்த ரயிலைக் கன்னங்கரேலென்று ஒரு படமாகப் போட்டிருக்கிறார். உள்ளே மரப்படிக்கட்டின் பக்கவாட்டில் பூக்களும் பாய்ந்தோடும் குதிரைக்காரர்களும், காண்டின்ஸ்கி கைப்பட வரைந்தவை. பிற்பாடு கலையிலிருந்து பொருளையே துரத்தப் பார்த்தவர், வீட்டுப் படிக்கட்டுக்குத் திருவிழாத் தட்டிபோல நிறம் பூசியிருக்கிறார். அப்பா குனிந்து அச்சு வைத்து அடித்ததா என்று சோதித்தார்.

சுவரில் கண்ணாடிப் படங்கள். இந்தப் பகுதியில் புனிதர்களைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரையும் பழைய கிராமத் தொழில் ஒன்று இருந்தது. முர்னாவில் ஹைன்ரிஷ் ரம்போல்ட் என்ற கைவினைஞரிடம் ம்யுன்டர் அதைக் கற்றுக்கொண்டார், காண்டின்ஸ்கியும் தொடர்ந்தார். அப்பாவுக்கு விளக்கவே தேவைப்படவில்லை. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் அவருக்குப் பழக்கம்.

"இதுல எல்லாம் தலைகீழ். நகை, கண்ணு, மூக்குக் கோடு மொதல்ல. ஒடம்பு அப்புறம். பின்னணி கடைசி. ஒரு தடவ வச்சா வச்சதுதான், அழிக்க முடியாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திருத்தமுடியாத ஒரு முறையைத் தேடி டிரெஸ்டன்காரர்கள் கடிகாரத்தையும் மரக்கட்டையையும் எடுத்தார்கள். இவர்கள் கண்ணாடியை எடுத்தார்கள். கறுப்புக் கோடு, தட்டை நிறம், பின்வாங்க வழியில்லை.

இந்த வீட்டின் பெரிய கதை அதன் நிலவறையில் இருக்கிறது. 1914இல் போர் வந்ததும் ரஷ்யக் குடிமகனான காண்டின்ஸ்கி நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவர் 1917இல் மாஸ்கோவில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். விட்டுப்போன படங்கள் ம்யுன்டரிடம். 1920களில் வக்கீல் வழியாகப் பேசி சில பெட்டிகள் திரும்பிப் போயின, மீதி ம்யுன்டருக்கே என்று முடிவானது. அதன்பின் நாஜி ஆட்சி, இரண்டாம் போர். கண்டுபிடித்தால் பறித்து அழிக்கக்கூடிய படங்களை இந்த வீட்டு நிலவறையில் மறைத்துவைத்து, மேலே அவர் குடியிருந்தார். 1957இல், தன் 80வது பிறந்தநாளை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூனிக் நகரத்துக்கு அப்படியே கொடுத்தார். அவற்றில் காண்டின்ஸ்கியின் எண்ணெய் ஓவியங்களே தொண்ணூறு அளவில்.

ஏமாற்றியவரின் படங்களை நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்துக் காத்ததைத் தியாகம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எது நல்ல படம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது; அது ஓவியரின் தீர்ப்பு. காண்டின்ஸ்கியின் காதலி என்ற வரியோடு அவரை முடித்துவிடும் புத்தகங்கள் இன்னும் விற்கின்றன.

அப்பா தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். என் பையிலிருந்து பேனா கேட்டார். கொடுத்தேன். கொஞ்ச நேரம் விரலில் உருட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆறாம் நாள் – மியூனிக்

லென்பாக்ஹவுஸ். ஃப்ரான்ஸ் ஃபான் லென்பாக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பணக்கார ஓவியர், பிரபுக்களின் முகங்களைப் பழுப்பும் பொன்னுமாகத் தீட்டியவர். அவர் கட்டிய மாளிகையில்தான் ம்யுன்டர் கொடுத்த படைப்புகள் இப்போது இருக்கின்றன. இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்திருப்பார்.

'நீலக் குதிரைவீரன்' என்ற குழு பிறந்தது ஒரு அளவுச் சண்டையில். காண்டின்ஸ்கி முன்பு இருந்த சங்கத்தில், நாலு சதுர மீட்டருக்கு மேற்படாத படங்களை உறுப்பினர் தேர்வில்லாமல் வைக்கலாம் என்று விதி. 1911இல் அவருடைய ஐந்தாம் 'கம்போசிஷன்' அதைத் தாண்டியது, சங்கம் மறுத்தது. காண்டின்ஸ்கியும் ஃப்ரான்ஸ் மார்க்கும் ம்யுன்டரும் வெளியேறி, டிசம்பர் 18இல் தான்ஹவுசர் காலரியில் தனிக் கண்காட்சி திறந்தார்கள்.

"நாலு சதுர மீட்டர்னா எத்தனை சதுர அடி?"

நாற்பத்து மூன்று.

"ஹீரோயின் கம்மல் சைஸு" என்றார் அப்பா.

மார்க்கின் 'நீலக் குதிரை', 1911. வாசற்படியில் நிற்கும் பையனைப்போல தலை சாய்த்து நிற்கிறது. நீலம் ஆண்மை, மஞ்சள் பெண்மை, சிவப்பு சடப்பொருளின் முரட்டுத்தனம் என்று மார்க் தன் நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்குக் கடிதத்தில் ஒரு கணக்கு எழுதினார். அப்பா ஏற்கவில்லை. "நீலம்னா கிருஷ்ணன். அது ஆம்பளையும் இல்ல பொம்பளையும் இல்ல, வானம்." இந்த விவாதத்தை மார்க்கோடு நடத்த வழியில்லை. மாக்கே 1914 செப்டம்பரில் போர்முனையில் இறந்தார், மார்க் 1916 மார்ச்சில் வெர்டன் அருகே. பெரும் போரைத் தூய்மைப்படுத்தும் நெருப்பு என்று நம்பிப் போனவர்களில் மார்க்கும் ஒருவர். அதையும் சேர்த்தே அந்தக் குதிரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த அறையில் 'இம்ப்ரெஷன் 3'. 1911 ஜனவரி 2ஆம் தேதி ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சிக்குப் போய்வந்து காண்டின்ஸ்கி வரைந்தது. கறுப்பாக ஒரு பியானோ, மற்றதெல்லாம் மஞ்சள் வெள்ளம்.

மாலையில் ஹோஃப்கார்டன் பூங்காவை ஒட்டிய வளைவுத் தாழ்வாரம். 1937 ஜூலை 19இல் 'சீர்கெட்ட கலை' என்ற கண்காட்சியை நாஜிகள் இந்தக் கட்டடத்தில்தான் திறந்தார்கள். சுமார் 650 படைப்புகள், நெருக்கி நெருக்கி, சுவரில் கேலி வாசகங்கள், மக்கள் பணத்தில் இவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று விலைச் சீட்டு. கட்டணம் கிடையாது, சிறுவர்களுக்கு அனுமதி இல்லை. ஊர் ஊராகச் சுற்றியதையும் சேர்த்து இருபது லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். மார்க்கின் 'நீலக் குதிரைகளின் கோபுரம்' முதலில் இங்கே இருந்தது. போரில் செத்த வீரனின் படத்தை இப்படி வைப்பதா என்று முன்னாள் ராணுவ அதிகாரிகள் எதிர்த்ததால் எடுத்துவிட்டார்கள். பிறகு நாஜித் தலைவர் கோரிங் கைக்குப் போனது. 1945க்குப் பின் அந்தப் படம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

எமில் நோல்டேயின் கதைதான் கசப்பு. பிரூக்கேவில் ஒன்றரை வருஷம் இருந்தவர். எவரிடமிருந்தும் பறித்ததைவிட அதிகமாக அவரிடமிருந்து பறித்தார்கள், 1,052 படைப்புகள். ஆனால் அவர் நாஜிக் கட்சி உறுப்பினர், யூத வெறுப்பாளர், கடைசிவரை அந்த ஆட்சியின் நல்லெண்ணத்துக்காக ஏங்கியவர். போருக்குப்பின் பல காலம் பலியானவராக மட்டுமே கொண்டாடப்பட்டார். 2019இல்தான் ஜெர்மன் பிரதமர் அலுவலகச் சுவரிலிருந்து அவர் படங்கள் இறங்கின.

"அவனைத் திட்டினவனுக்கே ஓட்டுப் போட்டிருக்கான்" என்றார் அப்பா. வேறொன்றும் சொல்லவில்லை.

லைப்சிக் திரும்பும் ரயிலுக்காக மியூனிக் நிலையத்தில் உட்கார்ந்தோம். இருபது நிமிடம் தாமதம் என்று பலகை சொன்னது. அப்பா என் கையிலிருந்த லென்பாக்ஹவுஸ் மடிப்புத்தாளைப் பிடுங்கி, காலியாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"பேனாவைக் கொடு. அந்தக் கடிகாரத்தைப் பாத்துக்கோ. கால் மணி. அசையக்கூடாது."

அசையவில்லை. எதிரே இருந்த பையன் பர்கர் தின்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். அப்பா தாளைப் பார்க்கவே இல்லை, என்னை மட்டும் பார்த்தார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. பேனருக்குப் போடுவதுபோல கட்டம் போடவில்லை.

ஒன்பதாவது நிமிடத்தில் பலகை மாறி, ரயில் வந்து நின்றுவிட்டது. ஆறு நாளில் சொன்னதற்கு முன்னால் வந்த ஒரே ரயில். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்தபின் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு கண், மூக்கு, கழுத்துவரை இறங்கும் ஒரே கோடு. இடது காது இல்லை.

"மிச்சத்தைப் போடுங்கப்பா, நாலு மணி நேரம் இருக்கு" என்றேன்.

பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.